கோனுக்கும் கோனுக்கும் நடுவே: ஆட்டோகிராஸில் பிக்கப் எங்கிருந்து வருகிறது

ஆட்டோகிராஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "என் வண்டிக்கு என்ன போட்டால் பிக்கப் ஏறும்?" ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) என்று ஒரு பட்டியலையும் கையோடு கொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு சீசன் கழிந்த பிறகுதான், இந்த விளையாட்டில் இன்ஜினைக் கடைசியாகத் தொட வேண்டும் என்று புரிந்தது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் எண்களோடு இங்கே போட்டுக் காட்டுகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

முதலில் விளையாட்டு என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். திறந்த மைதானத்தில் கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கார்தான், கடிகாரத்தோடு போட்டி. ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பு இதை சோலோ என்ற பெயரில் தார் அல்லது கான்கிரீட் தளத்தில் நடத்துகிறது. அங்கே ஒரு கோனை இடித்தால் 2 வினாடி கூட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரையிலோ மண்ணிலோ ஓட்டுவது. தார்த் தளத்துக் கோன் விளையாட்டுக்கு அங்கே ஆட்டோசோலோ என்று பெயர். நம் ஊரில் மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. குடையின் கீழ் நடப்பவை பெரும்பாலும் மண் தளம்தான். நான் தார்த் தளத்தை வைத்துக் கணக்குச் சொல்லிவிட்டு, மண்ணுக்கு எது மாறும் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு கணக்குக் கார்

கணக்குக்காக ஒரு பெட்ரோல் ஹாட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். முன்சக்கர இழுவை. ஓட்டுநரோடு சேர்த்து 1070 கிலோ. இன்ஜின் டார்க், அதாவது முறுக்கு விசை, 110 நியூட்டன் மீட்டர். இரண்டாம் கியர் விகிதம் 1.9, ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்குப் பிறகு வரும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.4, டயரின் ஆரம் 29 சென்டிமீட்டர். எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இந்த எண்கள் அப்படியே இருக்காது, ஆனால் நம் தெருவில் நிற்கும் பாதிக் கார்கள் இதை ஒட்டித்தான் இருக்கும்.

110-ஐ 1.9-ஆலும் 4.4-ஆலும் பெருக்குங்கள். கியர்பாக்ஸ் உராய்வுக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, டயர் ஆரத்தால் (0.29 மீட்டர்) வகுங்கள், வரும் நியூட்டனைக் கிலோவாக்க 9.8-ஆல் வகுங்கள். இரண்டாம் கியரில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 290 கிலோ என்று வரும். முதல் கியரில் (3.5) அதுவே 535 கிலோ, மூன்றாவதில் (1.28) 195 கிலோ. இரண்டாம் கியரின் 290 கிலோவில் கொஞ்சம் சக்கரத்தையும் ஃபிளைவீலையும் சுற்றுவதற்கே போய்விடும். மீதியில் கார் வினாடிக்கு வினாடி 2.4 மீட்டர் வேகம் ஏறும்.

இனி ஒரு நேர்ப்பாதை: 60 மீட்டர். திருப்பத்திலிருந்து 40 கி.மீ. வேகத்தில் வெளியே வருகிறீர்கள். முடிவில் வேகம் 73 கி.மீ., எடுத்த நேரம் 3.82 வினாடி. இந்த 3.82-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான் வருவோம்.

முதல் வேலை: எடை மேடை

ஊருக்கு வெளியே லாரிகளுக்கான எடை மேடை இருக்கும். காரை அங்கே கொண்டு போங்கள். மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. முதலில் முழுக் காரும். அடுத்து முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்க, பின்சக்கரம் வெளியே. இரண்டையும் எழுதிக்கொண்டால் முன்பக்கம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். லாரிக்கான மேடை என்பதால் எடை ஐந்து, பத்துக் கிலோவாகத்தான் தாவும். அது போதும். முன்சக்கர இழுவைக் கார் என்றால் 60 சதவீதத்தைச் சுற்றி வரும். நம் கணக்குக் காரில் 640 கிலோ.

அப்புறம் காரைக் காலி செய்யுங்கள். நான் முதல்முறை காலி செய்தபோது டிக்கியிலிருந்து வந்தவை: ஒரு ஜமுக்காளம், இரண்டு குடை, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்த நாளிலிருந்து கிடந்த ஒரு பித்தளைச் சொம்பு, கல் போல காய்ந்துபோன ஒரு தேங்காய். இதோடு ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ். முன்சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது. எடையை விடுங்கள், அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போயிருந்தால் கதை வேறு. கால்மிதியையும் எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. டேங்க்கை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். ஒரேயடியாகக் காலியாகவும் வேண்டாம், திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் இன்ஜின் இருமும். கால் டேங்க் எனக்குச் சரியாக இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றலாமா என்பதை உங்கள் பிரிவின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டாக் பிரிவுகளில், அதாவது கம்பெனி விட்டபடியே ஓட்டும் பிரிவுகளில், அது பெரும்பாலும் கூடாது.

இப்படி 50 கிலோ குறைத்தீர்கள் என்று வைப்போம். நம் 60 மீட்டர் நேரம் 3.82-லிருந்து 3.78 ஆகிறது. அவ்வளவுதானா? அவ்வளவுதான். வினாடியில் நூறில் நான்கு பங்கு. ஒரு பாதையில் இப்படி ஏழெட்டு நேர்ப்பாதை இருக்கும், எல்லாம் கூடும். பிரேக்கிலும் திருப்பத்திலும் எடைக் குறைப்பு இதைவிட அதிகமாகவே கைகொடுக்கும். ஆனாலும் "எடையைக் குறைத்தால் வண்டி பறக்கும்" என்ற பேச்சை இந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து குறைக்கிறோம் என்பது முக்கியம். ஸ்டெப்னி பின்அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதை எடுத்தால் முன்சக்கரத்தின் மேல் உள்ள எடை குறையாது, ஏற்றப்பலகை போல ஒரு துளி கூடவே செய்யும். இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்கும் காருக்கு இது இரட்டை லாபம். சிலர் ஏதோ படித்துவிட்டுப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவார்கள். பின்சக்கர இழுவைக் காருக்கு அது நல்லது. நம் காருக்கு வேண்டாத வேலை.

சக்கரத்தின் எடை தனிக் கணக்கு. விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவை முன்னாலும் தள்ள வேண்டும், சுற்றவும் வேண்டும். அதனால் பிக்கப்பைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அழகுக்காகப் போடும் கனமான 17 அங்குல அலாய் இங்கே எதிரி. டயரின் மொத்த விட்டமும் கூடிவிட்டால் கியரும் நீண்டுபோகும்.

எடையின் அருமை கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. மாருதி 800-இன் இன்ஜினை வைத்து, கோவையின் கார் பந்தய வீரர் கரிவர்தன் 80களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரைச் செய்தார். கம்பெனியிலிருந்து வரும்போது 40 குதிரைசக்தியைக்கூடத் தொடாத 796 சிசி இன்ஜின் அது. இழுக்க வேண்டிய எடை குறைவு என்பதால்தான் அதில் பந்தயமே ஓட்ட முடிந்தது. கோவை செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் அவர் பெயரில் இருப்பதுதான்.

கியர்: இரண்டாவதிலேயே இருங்கள்

நம் காரில் 6000 ஆர்.பி.எம்.மில் முதல் கியர் சுமார் 43 கி.மீ., இரண்டாவது 78, மூன்றாவது 116 வரை போகும். ஆட்டோகிராஸ் பாதையில் வேகம் பெரும்பாலும் 30-க்கும் 75-க்கும் நடுவில். அதாவது கிளம்பியதும் இரண்டாவதைப் போட்டுவிட்டுக் கியர் லீவரை மறந்துவிடலாம்.

உங்கள் காருக்கு இது பொருந்துமா என்று பார்க்க, முதல் ஓட்டத்தில் மீட்டர் தெரியும்படி ஒரு கேமராவை அசையாமல் பொருத்துங்கள் (அமைப்பாளர் அனுமதித்தால்). வீட்டில் போட்டுப் பார்த்து, மிகக் குறைந்த வேகம் எது, மிக அதிக வேகம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் தெரியாமல் கியரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கொண்டை ஊசித் திருப்பத்தில் வேகம் 25-க்கு இறங்கிவிடுகிறது என்று வையுங்கள். இரண்டாம் கியரில் இன்ஜின் 1900 ஆர்.பி.எம்.மில் முனகும். முதல் கியருக்கு இறக்கலாமா? கணக்கில் 535 கிலோ விசை என்று வருகிறதே என்று கை துறுதுறுக்கும். இரண்டு சிக்கல். ஒன்று, அந்த 535-இல் கணிசமான பங்கு இன்ஜினின் சுழலும் பாகங்களை வேகமேற்றுவதற்கே போய்விடும். அவற்றின் பாரம் கியர் விகிதத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு, 43 கி.மீ. வந்ததும் மறுபடி மாற்ற வேண்டும். அந்த மாற்றலில் அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் சக்கரத்துக்கு விசையே கிடையாது. புதியவர்கள் இறக்க வேண்டாம் என்பது என் கட்சி. வேகம் அவ்வளவு குறையாதபடி திருப்பத்தை அகலமாக எடுக்கப் பழகுவது நல்லது.

ஃபைனல் டிரைவை, அதாவது மெக்கானிக் பாஷையில் கிரௌன் பினியனை, மாற்றுவது பற்றி எல்லாரும் கனவு காண்பார்கள். 4.4-ஐ 4.9 ஆக்கினால் இழுவை 11 சதவீதம் கூடும். காகிதக் கணக்கில் 60 மீட்டரை 3.73 வினாடியில் கடக்கலாம், 0.09 லாபம். ஆனால் இரண்டாம் கியரின் உச்சம் இப்போது 70 கி.மீ.தான். முன்பு 73 வரை போன அதே நேர்ப்பாதையின் கடைசியில் இன்ஜின் லிமிட்டரில், அதாவது உச்ச ஆர்.பி.எம்.மைத் தாண்டவிடாத தடுப்பில், போய் முட்டும். மூன்றாவதுக்கு மாற்றினால், அந்த மாற்றலிலேயே நேர்ப்பாதை முடிந்துவிடும். அதற்கு லிமிட்டரிலேயே அரை வினாடி தொங்கவிட்டு பிரேக் பிடிப்பது மேல். இவ்வளவு செலவு செய்து இந்த நிலைக்கு வருவதற்குப் பதில், விதி அனுமதித்தால் விட்டம் சற்றே குறைந்த டயர் போட்டுப் பாருங்கள். அதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். தேய்ந்த பிறகு பழையதற்கே திரும்பிவிடலாம்.

சஸ்பென்ஷன்: உள்சக்கரத்தின் கதை

இப்போது நம் 60 மீட்டருக்கே திரும்புவோம். எடையும் கியரும் கம்பெனி விட்டபடியே இருக்கட்டும். திருப்பத்திலிருந்து 40-க்குப் பதில் 43 கி.மீ. வேகத்தில் வெளியே வாருங்கள். நேரம் 3.67. வினாடியில் நூறில் பதினைந்து பங்கு லாபம். 50 கிலோ குறைத்ததைப் போல நான்கு மடங்கு.

மறுபக்கத்தையும் பாருங்கள். திருப்பத்திலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டர் பெடலை மிதிக்கிறீர்கள், உள்பக்க முன்சக்கரம் 'கிர்ர்ர்' என்று சும்மா சுழல்கிறது, ஒரு வினாடிக்குப் பாதி விசைதான் தரைக்கு வருகிறது. அதனால் போவது 0.2 வினாடி. ஆட்டோகிராஸில் பிக்கப் என்பதே, எவ்வளவு சீக்கிரம் பெடலை முழுக்க மிதிக்க முடிகிறது என்பதுதான். அதைத் தீர்மானிப்பது சஸ்பென்ஷன்.

உள்சக்கரம் ஏன் சுழல்கிறது? வேகம் ஏற்றும்போது எடை பின்னால் போகும். நம் காரில் முன்பக்க 640-இல் ஏறக்குறைய 60 கிலோ பின்னால் போக, சக்கரத்துக்கு 290. அதே நேரம் திரும்பிக்கொண்டும் இருக்கிறோம். ஓரளவு வேகமான திருப்பத்தில் 240 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. இந்த 240-ஐ முன்அச்சும் பின்அச்சும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த அச்சு உருளலுக்கு (கார் பக்கவாட்டில் சாய்வதற்கு) விறைப்பாக இருக்கிறதோ அது அதிகம் எடுக்கும். முன்பக்கம் 60 சதவீதம் எடுத்தால் உள்பக்க முன்சக்கரத்தில் மிஞ்சுவது 290-இல் 144 போக 146 கிலோ. சாதாரண டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் தரும், அதுவும் பலவீனமான சக்கரம் தாங்கும் அளவுக்குத்தான். பிடிமானம் 0.9, அதாவது சக்கரத்தின் மேல் உள்ள எடையில் பத்தில் ஒன்பது பங்கு விசையை டயர் தாங்கும் என்றால், இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையில் இறக்கக்கூடியது 263 கிலோ. இன்ஜினோ 290 அனுப்புகிறது. சுழலாமல் என்ன செய்யும்?

பின்பக்க ஆன்டி ரோல் பாரை (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியை) தடிமனாக்கி, முன்பக்கப் பங்கை 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் உள்சக்கரத்தில் 194 கிலோ நிற்கும். இறக்கக்கூடியது 349. இப்போது 290 பத்திரமாகத் தரைக்குப் போகிறது. வெளிநாட்டு ஆட்டோகிராஸ் படங்களில் முன்சக்கர இழுவைக் கார்கள் பின்பக்க உள்சக்கரத்தை நாய்போலத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். தூக்கிய கால் இழுக்கிற கால் இல்லை, அதனால் நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கை: பின்பக்கம் விறைத்தால் கார் சுழல்வதும் எளிதாகும். மாற்றங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். அந்த அமைப்போடு மழையில் வீட்டுக்கு ஓட்டிப் போவதையும் யோசியுங்கள்.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். விறைப்பு நல்லது, தாழ்வு நல்லது என்று கேள்விப்பட்டு, ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டினேன். கார் பார்க்க அம்சமாக இருந்தது. மைதானத்தில், வெளிப்பக்க முன்ஷாக்கு (ஷாக் அப்சார்பர்) திருப்பத்தின் நடுவிலேயே பம்ப் ஸ்டாப்பில், அதாவது அசைவின் எல்லையில் இருக்கும் ரப்பர் கட்டையில், போய் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த நொடியில் அந்த மூலை கல் மாதிரி விறைக்கும், எடை மொத்தமும் வெளிச்சக்கரத்துக்கே போகும், உள்சக்கரம் காற்றில். டயர் தேயும் வாசம் ஹெல்மெட்டுக்குள் வந்தது. முந்தைய மாதம் ஸ்டாக் ஸ்பிரிங்கில் ஓட்டியதைவிட ஒன்றரை வினாடி மெதுவாக முடித்தேன். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது புண்ணியம்... என்று சொல்ல ஆசை. வெட்டியதே அந்தப் பழைய ஸ்பிரிங்தான். புதிது வாங்கினேன்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் எடை பின்னால் போகாது என்பார்கள். போகும். மொத்தம் எவ்வளவு போகிறது என்பதை முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ் இவைதான் தீர்மானிக்கின்றன. மூக்கு எவ்வளவு தூக்குகிறது என்பதை மட்டுமே ஸ்பிரிங் மாற்றும். எவ்வளவு வேகமாகத் தூக்குகிறது என்பது ஷாக்கின் வேலை. அதனால்தான் எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷாக்குகளோடு கார் திருப்பத்திலிருந்து வெளியேறும்போது ஊஞ்சலாடும். சக்கரம் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இழுக்கும். பணம் செலவழிப்பதானால் முதலில் நான்கு நல்ல ஷாக்குகள். அதன் பிறகு பின்பக்க பார். ஸ்பிரிங் மூன்றாவது. ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைத் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அருமையான பொருள்தான், விலையும் அப்படியே.

பின்சக்கர இழுவைக்கு எல்லாம் தலைகீழ். எடை பின்னால் போவது அங்கே வரம், உருளல் விறைப்பை முன்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மண் தளமானால்

பிடிமானம் 0.9-லிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இரண்டாம் கியரின் 290 கிலோவைக்கூட நேர்ப்பாதையிலேயே முழுதாக இறக்க முடியாது. முதல் கியர் கிளம்புவதற்கு மட்டும்தான். பிடிமானம் குறைவதால் எடை மாறுவதும் குறையும், ஆகவே விறைப்பான பாருக்கு அங்கே வேலை கம்மி. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டு எழாமல் இருக்க மென்மையும், நல்ல நீளமான சஸ்பென்ஷன் அசைவும் வேண்டும். தாழ்த்திய கார் மண்ணில் ஆயில் பானையைத்தான் இடிக்கும்.

அன்றைய நாள்

காலையில் போனதும் பாதையை நடந்து பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு தடவை. எந்தத் திருப்பத்துக்குப் பிறகு நீண்ட நேர்ப்பாதை வருகிறதோ அங்கே மட்டும் நின்று, எந்த இடத்தில் ஸ்டியரிங்கை நேராக்க முடியும் என்று பாருங்கள். 40-ஐ 43 ஆக்கிய அந்த 3 கி.மீ. வேகம் அங்கேதான் கிடக்கிறது.

டயர் ஓரத்தில் மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். தார்த் தளத்தில் சாதாரண டயருக்கு முன்பக்கக் காற்றைக் கம்பெனி அளவைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டி ஆரம்பிக்கலாம், டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். ஓட்டம் முடிந்ததும் பாருங்கள்: பக்கவாட்டில் வெகுதூரம் அழிந்திருந்தால் காற்று போதாது, விளிம்போடு நின்றிருந்தால் சரி. டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். உள்சக்கரம் சுழன்றதும் அது இன்ஜினையே அடக்கிவிடும்.

கிளம்பும்போது டயர் கதற வேண்டியதில்லை. பல இடங்களில் நேரம் தொடங்கும் கோடு, நிற்கும் இடத்துக்குச் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். கிளட்ச் பிளேட்டை எரித்துச் சம்பாதிப்பது ஒன்றுமில்லை.

ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதை நோட்டில் எழுதிவையுங்கள்: காற்று, ஷாக் செட்டிங், நேரம், உள்சக்கரம் சுழன்றதா இல்லையா. இந்தச் சோதனைகளை ஊர் தூங்கும் நேரத்தில் பைபாஸில் செய்து பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம், மைதானத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் கிளம்பும் முன் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள், வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், கழற்றி வைத்ததை எல்லாம் எண்ணி ஏற்றுங்கள். ஒருமுறை கோவையிலிருந்து திரும்பும்போது அவிநாசி தாண்டி எனக்குப் பங்ச்சர். டிக்கியைத் திறந்தால் ஜமுக்காளம் இருந்தது, பித்தளைச் சொம்பு இருந்தது. ஸ்டெப்னி மைதானத்துச் சுவரில் சாய்ந்தபடி இருந்தது.